எமரன்சி அத்தையின் சத்தியக் குடுவை

எங்கள் சமையலறை ஜன்னலில் தொங்கும் குடுவைச் செடி ஒருமுறை ஒரு பெருச்சாளியையே விழுங்கியது.

"கரப்பான்," என்கிறாள் என் மனைவி பிலோமினா, பக்கத்தில் நின்று பருப்பு களைந்தபடி.

சரி, கரப்பான். ஆனால் பெருச்சாளி அளவுக் கரப்பான்.

நான் குன்னூரில் ஆயுசு முழுக்கத் தேயிலை ஏலம் விட்டவன். ஏலக்காரன் பொய் சொல்வதில்லை. விலையை ஏற்றுவது போல விஷயத்தையும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வான். கேட்பவர்கள்தான் பார்த்து இறக்கிக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு ஏற்றுவதற்குத் தேயிலை இல்லை என்பதால் கதைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இறக்குவதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. தினமும் காலையில் அவள் டம்ளரை நீட்டி, "இன்னைக்கு டீ எப்படி இருக்கு?" என்பாள். "ஏலத்துல வெச்சா கல்கத்தாக்காரன் வேட்டிய வித்தாவது வாங்குவான்" என்பேன். கல்யாணம் ஆன மறுநாள் சொன்ன பதில் இது. இன்றுவரை மாற்றவில்லை.

இந்தக் கதை டீயைப் பற்றியது அல்ல. குடுவையைப் பற்றியது.

குடுவைச் செடியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இலை நுனியிலிருந்து ஒரு கொடி நீளும். கொடியின் நுனியில், மூடி போட்ட சின்னக் கூஜா ஒன்று தொங்கும். கூஜாவின் வாயில் தேன். தேனுக்கு ஆசைப்பட்டு வரும் பூச்சி வழுக்கி உள்ளே விழும், உள்ளிருக்கும் நீரில் ஊறிக் கரையும், செடிக்குச் சாப்பாடு ஆகும். மேகாலயாவின் மலைக்காடுகளில் தானாக முளைத்துக் கிடந்த இந்தச் செடியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது டாக்டர் நூர்ஜஹான். மேட்டுப்பாளையத்துப் பெண். எங்கள் தெருவுக்கு மேலே இருக்கும் ஆய்வகத்தில் தாவர ஆராய்ச்சி. போகும்போதும் வரும்போதும் எங்கள் வீட்டில் டீ குடிப்பாள். அதிலிருந்தே அவள் தைரியம் தெரியும்.

அவள் எண்ணம் நல்ல எண்ணம். தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி, கொழுந்தில் ஊசி போட்டு உறிஞ்சி ஒரே வாரத்தில் தோட்டத்தைக் கருக்கிவிடும். கடிபட்ட கொழுந்து ஒரு வாசனையை விடும். நம் மூக்குக்கு அது எட்டாது. குடுவைச் செடியின் மரபணுவில் கைவைத்து, அந்த வாசனை பட்டதும் பச்சைக் குடுவை கருஞ்சிவப்பாகும்படி செய்துவிட்டாள் நூர்ஜஹான். வரிசைக்கு ஒரு செடி நட்டால் தோட்டத்துக்குக் காவல்காரன். எவ்வளவு அழகான யோசனை!

பாழாய்ப்போன மனிதர்கள் குறுக்கே வந்தார்கள்.

"அங்கிள், ஒரு வேடிக்கை நடந்துச்சு," என்று ஒருநாள் வந்து நின்றாள். "எங்க டைரக்டர் ஒரு ஸ்டூடண்ட்டைப் பிடிச்சு ஏன் லேட்டுன்னு கேட்டாரு. அவன் பஸ் வரலைன்னான். பக்கத்துல இருந்த குடுவை அப்படியே கருத்துப்போச்சு. பஸ்ஸு டயத்துக்குத்தான் வந்திருக்கு! பூச்சிக்கு வளர்த்தது மனுஷனோட வேர்வை வாசனையையும் பிடிக்குது."

"அப்ப பொய் சொன்னா கருக்குமா?"

"அப்படித்தான் தெரியுது. நாப்பது பேரை வெச்சு டெஸ்ட் பண்ணிட்டோம். பொய் சொன்ன அத்தனை பேருக்கும் கருத்துச்சு."

மெய்க்கொடி என்றொரு கம்பெனி இதைக் கேள்விப்பட்டது. மறுவருடமே 'சத்தியக் குடுவை' கடைக்கு வந்துவிட்டது. பச்சை என்றால் மெய். கருப்பு என்றால் பொய். நிமிஷத்தில் கருக்கும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி வெளுக்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். குன்னூரில் அது தொங்காத வாசல் இல்லை. கழுதைக்குக்கூட ஒன்று கட்டியிருந்தார்கள்.

"குன்னூர்ல கழுதையே கிடையாது," என்கிறாள் பிலோமினா.

அதன் பிறகு ஊர் பட்ட பாட்டைக் கேளுங்கள். மீன்காரம்மா "இன்னிக்கு வந்த மீனு" என்று கூவுவதை விட்டுவிட்டு, "வந்த மீனு, வந்த மீனு" என்று மட்டும் கூவினாள். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் "நல்லாத் தேறிட்டீங்க" என்று சொல்ல முடியாமல் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பினார்கள். சாவு வீட்டில் இன்னும் மோசம். எங்கள் பழைய தலைமை குமாஸ்தா இறந்தபோது அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேச எழுந்தவர், குடுவையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆள் நல்ல உயரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பங்குச் சாமியார் மட்டும் அதைக் கோயிலுக்குள் விடவில்லை. "பாவசங்கீர்த்தனத்துல பாவத்தைச் சொல்ல வர்றதே நாலு பேர். அதையும் கெடுத்துராதீங்க" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் இருந்தோம், மரகதத்தை வேலையை விட்டு அனுப்பும்வரை. வர்க்கி ரொட்டி சுடும் கடையில் வேலை பார்த்த பெண். முதலாளியம்மாவின் மோதிரத்தைக் காணோம். குடுவையின் முன் நிறுத்தி, "நீ எடுத்தியா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க" என்றாள். குடுவை கருத்தது. அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. அழுதுகொண்டே மலையிறங்கிப் போனவளைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அப்போதும் நாங்கள் குடுவையைத்தான் நம்பினோம்.

இதெல்லாம் ஊர்க் கதை. எங்கள் வீட்டுக்குள் அது நுழைந்தது ஜெசிந்தாவின் கல்யாணப் பேச்சோடு.

ஜெசிந்தா என் ஞானமகள். ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தியவன் நான்தான். தகப்பன் சிறு வயதிலேயே போய்விட்டதால், அவளுக்கு எதுவென்றாலும் நான்தான் முன்னே நிற்க வேண்டும். ஏலக் கூடத்தில் தேயிலை ருசி பார்க்கும் வேலை அவளுக்கு. வரிசையாகக் கிண்ணங்களில் ஊற்றி வைத்ததை ஒரு வாய் உறிஞ்சுவாள், துப்புவாள், "வைக்கோல்" என்பாள். பெரிய தோட்டத்து மானேஜர்கள் நடுங்குவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அவள் டீ குடிக்க மாட்டாள். வயிறு சரியில்லை என்பாள்.

நிக்கோலஸுக்கு வனத்துறையில் வேலை. எங்கள் ஊரில் காட்டுமாடுகள் ரேஷன் கடை வரிசையில்கூட வந்து நிற்கும். அவற்றைக் காட்டுக்குள் திருப்பி அனுப்பும் குழுவில் இருப்பவன். ஒரு டன் எடையுள்ள மாட்டின் முன் ஒற்றைக் குச்சியோடு நின்று, "போடா ராசா, வீட்டுக்குப் போ" என்பான். அதுவும் போகும். ஏலக் கூடத்து வாசலில் புகுந்த ஒரு மாட்டை விரட்ட வந்தபோதுதான் ஜெசிந்தாவைப் பார்த்தான். அந்த மாட்டை விரட்ட அன்றைக்கு அவனுக்கு அரை நாள் ஆயிற்று. இதில் நான் ஒன்றும் ஏற்றவில்லை.

இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. நிக்கோலஸுக்கு எல்லாமே அவன் அத்தை எமரன்சிதான். கருமத்தம்பட்டிக்காரி. தாய் தகப்பன் இல்லாத பையனை எடுத்து வளர்த்தவள். வெற்றிலைத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் பூவேலை செய்த கைக்குட்டையால் மூடிய ஒரு தொட்டியையும் வைத்தாள். கைக்குட்டையை எடுத்தால், பளபளவென்று பச்சையாக மூன்று குடுவைகள்.

"குத்தமா நெனைக்காதீங்," என்றாள். "இப்ப எல்லா வூட்லயும் இதானுங்களே வழக்கம். புள்ளையும் பையனும் இதுக்கு முன்னால சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிரட்டும்."

ஜெசிந்தா முதலில் சொன்னாள், தேயிலைக்கு மதிப்பெண் போடும் அதே குரலில். "எனக்குச் சம்மதம்." குடுவைகள் பச்சையாகவே இருந்தன.

நிக்கோலஸ் எழுந்தான். ஜெசிந்தாவைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். "எனக்கு... ஜெசிந்தாவ ரொம்பப் பிடிச்சிருக்குங்க. முழுச் சம்மதம்."

முதலில் குடுவையின் உதடு கருத்தது. பிறகு கழுத்து. பிறகு மை ஊற்றினாற்போல் வயிறு. மூன்று குடுவைகளும் மூன்று கரித்துண்டுகளாகத் தொங்கின.

எமரன்சி அத்தை கைக்குட்டையை எடுத்து மறுபடி மூடினாள்.

"அத்தை, சத்தியமா..." என்றான் நிக்கோலஸ்.

"வாயத் தொறக்காதடா." அத்தையின் கண் கலங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "என்னையக் கட்டினவரும் பீடத்துக்கு முன்னால நின்னு சம்மதம்னுதானுங்க சொன்னாரு. மூணாம் மாசம் கப்பலேறிப் போனவரு, இன்னும் வந்துட்டே இருக்காரு. அன்னைக்கு இந்தச் செடி இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன். உங்க புள்ளையாவது தப்பிச்சுக்கட்டுங்."

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டமே.

ஜெசிந்தா அழவில்லை. அவர்கள் போன பிறகு சமையலறை வாசலில் நின்று, தொட்டி இருந்த இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். "பெரியப்பா, ஆயிரம் டீ ருசி பார்த்திருக்கேன். நல்லது எது, கெட்டது எதுன்னு எனக்குத் தெரியாதா? அவன் பொய் சொல்லல. செடி தப்பு."

"ஊரே நம்புதேம்மா."

"ஊருக்கு நாக்கு இல்ல," என்றாள்.

நூர்ஜஹானிடம் ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே, முழங்கால் வலியோடு மலைச்சரிவில் மான் போல.

"ஆட்டோலதானே போனீங்க," என்கிறாள் பிலோமினா.

ஆட்டோ மான் போல ஓடியது.

நூர்ஜஹான் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "தொட்டி ஜன்னலோரமா இருந்துச்சா அங்கிள்?" என்றாள். "காட்டுல வளர்ற செடியைப் பார்த்தீங்கன்னா, நிழல்ல இருக்கறது வெளிர்பச்சையா இருக்கும். வெட்டவெளியில நல்ல வெயிலும் குளிரும் படறது கருஞ்சிவப்பா ஆகிடும். அது அதோட இயல்பு, பொய்க்கும் மெய்க்கும் சம்பந்தமே இல்ல. ஒருவேளை வெயில் பட்டிருக்கும். திரையை இழுத்து விட்டுட்டு இன்னொரு தடவை கேக்கச் சொல்லுங்க."

எமரன்சி அத்தையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். அறையைச் சினிமாக் கொட்டகை போல இருட்டாக்கினோம். நிக்கோலஸ் சொன்னான். டார்ச் அடித்துப் பார்த்தோம். முன்னைவிடக் கருப்பு.

"போதுங் அண்ணா," என்றாள் அத்தை. "வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் பேச வர்றாங்க. கோயில் ஹால்லதான். அந்தப் புள்ளையவாவது இவனுக்குப் புடிக்குதான்னு பாப்போம்."

நிக்கோலஸ் அத்தை பேச்சைத் தட்டுகிறவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது நடந்தால் உண்டு. இல்லையென்றால் என் ஞானமகளின் வாழ்க்கையை ஒரு பூச்சி தின்னும் செடி தின்றுவிடும்.

சனிக்கிழமை மறுபடி ஆய்வகம். நூர்ஜஹான் மேஜையில் ஒரு சத்தியக் குடுவை இருந்தது. தேயிலைக் கொசுவுக்காக முதலில் வளர்த்த செடிகள் மூலையில் வாடிக் கிடந்தன. கம்பெனி வந்த பிறகு அவற்றைக் கவனிக்க அவளுக்கு நேரமே இல்லையாம்.

"நூரு, ஒண்ணு கேக்கணும். நாப்பது பேரை வெச்சு டெஸ்ட் பண்ணோம்னியே. அவங்களை யாருகிட்டப் பொய் சொல்லச் சொன்னீங்க?"

"எங்க டைரக்டர்கிட்ட."

"அந்த மீசைக்காரரா? தெருவுல போனா நாயே எந்திரிச்சு வழிவிடுமே, அவரா?"

"ஆமா."

"நிஜம் சொன்னவங்க?"

"அவங்களை என்கிட்டச் சொல்லச் சொன்னோம். டைரக்டருக்கு அவ்வளவு நேரம் இல்லைன்னு..." என்று இழுத்தவள் பாதியில் நிறுத்தினாள். முகம் மாறியது. கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்கிள், எனக்கும் இது போன மாசமே தோணிடுச்சு. ஆனா வெளிய சொன்னா என் வேலை போயிடும்."

மேஜையிலிருந்த குடுவை உதட்டிலிருந்து அடிவரை கருத்தது.

நான் குடுவையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"நீ இப்பச் சொன்னது பொய்யா?"

"நூத்துக்கு நூறு நிஜம்," என்றாள் மெதுவாக.

என் வாய் சும்மா இருக்குமா? "நூரு, இந்தச் செடிக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது. கொழுந்துக்குப் பூச்சி மேல இருக்கிற பயத்தைப் பிடிக்கறதுக்குத்தானே வளர்த்தே? அது அந்த வேலையத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு. நாமதான் வேற பேரு வெச்சுட்டோம்."

"அதை நிரூபிக்கணும்னா, பொய் சொல்லும்போது துளிகூடப் பயப்படாத ஆள் வேணும் அங்கிள். அப்படி ஒருத்தரு எங்க டெஸ்ட்ல வரவே இல்ல."

"ஏலக்காரனை நீங்க கூப்பிடலையேம்மா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. கோயில் ஹாலில் பத்தாயிரம் பேர்.

"அறுபது பேர் இருக்கும்," என்கிறாள் பிலோமினா.

கருமத்தம்பட்டிக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. மலைப்பாதையில் லாரி மறித்துக்கொண்டதாம். எமரன்சி அத்தை தொட்டியும் கைக்குட்டையுமாக முதல் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் நிக்கோலஸ், சவரம் செய்த ஆடு போல. கடைசி வரிசையில் ஜெசிந்தா. நூர்ஜஹான் கொண்டுவந்த ஒரு பச்சைக் குடுவையைக் கடைசி பெஞ்சில் வைத்துவிட்டு, வாசல் கதவோரம் நின்றாள். வருவாளா மாட்டாளா என்று எனக்குச் சந்தேகம்தான் இருந்தது. வந்துவிட்டாள்.

நேராகப் போய் அத்தையின் தொட்டிக்கு முன்னால் நின்றேன். "எமரன்சிம்மா, இது உங்க செடி. என் கைகூட இது மேல பட்டதில்ல. நான் இப்பக் கொஞ்சம் பேசப்போறேன். நீங்க குடுவைய மட்டும் பாருங்க."

"என்ன பேசப் போறீங்?"

"வாழ்க்கை வரலாறு," என்றேன். ஆரம்பித்தேன்.

"நான் ஏலம் கூவின சத்தத்துல மேட்டுப்பாளையத்துல பாக்கு மரத்துல காயெல்லாம் உதிர்ந்து, பாக்குக்காரங்க எனக்கு மாலை போட்டாங்க. எங்க கல்யாணத்தன்னிக்கு மலை ரயிலை எங்க வீட்டு வாசல் வரைக்கும் திருப்பிவிட்டாங்க. ஒருதடவை சிறுத்தையோட குடையால சண்டை போட்டேன். பாதியில மழை வந்துருச்சு. பாவம் நனையுதேன்னு குடைய அதுக்கே குடுத்தனுப்பிட்டேன். மறுவாரம் குடை திரும்பி வந்துச்சு, நல்லா மடிச்சு."

ஹால் குலுங்கியது. குடுவை? வாழைக்குருத்து மாதிரிப் பச்சை. இன்னும் கொஞ்சம் பளபளப்பு ஏறினாற்போலக்கூட இருந்தது.

"இதெல்லாம் நெஜமுங்களா?" என்றாள் அத்தை, திகைத்துப்போய்.

பிலோமினா எழுந்து நின்றாள். "ஆண்டவர் சத்தியமாச் சொல்றேங்க, அம்புட்டும் பொய். மழை வந்தது மட்டும் நிஜம்."

"அப்ப செடி கெட்டுப்போச்சு," என்றாள் அத்தை பிடிவாதமாக. "உங்க பேச்சக் கேட்டுத்தான் கெட்டிருக்கும்."

அந்த நேரத்தில்தான் வெளியே ஒரு கனைப்பு. ஹாலின் பக்கவாட்டுக் கதவை முழுதாக அடைத்துக்கொண்டு, கொம்பும் திமிலுமாக ஒரு காட்டுமாடு தலையை உள்ளே நீட்டியது. கோயில் தோட்டத்துக் காரட்டுக்கு வந்தது, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறது. யானை அளவு இருந்தது. இந்த இடத்தில் பிலோமினா ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஜனம் மேடைப் பக்கம் ஓடியது. அந்தப் பக்கவாட்டுக் கதவுக்கு மிக அருகில் இருந்தவள் எமரன்சி அத்தை. எழக்கூட முடியவில்லை அவளால். தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடி, மாதாவை நோக்கி மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூச்சு விடாமல் மூன்று.

நிக்கோலஸ் எழுந்து அவளுக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் நின்றான். அவசரமே இல்லாமல்.

நான் அத்தையின் கையிலிருந்த தொட்டியைக் காட்டிக் கத்தினேன். "எல்லாரும் பாருங்க! எமரன்சிம்மா, கண்ணத் தொறந்து பாருங்க!"

அவள் கண்ணைத் திறந்தாள். நெஞ்சோடு அணைத்திருந்த மூன்று குடுவைகளும் அடுப்புக்கரி.

"மங்கள வார்த்தை ஜெபம் பொய்யாம்மா?" என்றேன்.

"ஐயோ மாதாவே!" என்றாள் அத்தை. மாட்டைவிட அதற்குத்தான் அதிகம் நடுங்கினாள்.

வாசல் கதவோரத்திலிருந்து நூர்ஜஹான் முன்னே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "அம்மா, இந்தச் செடியை உண்டாக்கினவ நான். இது பொய்யைக் காட்டாது. பயத்தைத்தான் காட்டும். நாங்க டெஸ்ட் பண்ணின விதமே தப்பு. இதை நான் முன்னாடியே வெளிய சொல்லியிருக்கணும். நாளைக்கு எழுத்துலயே குடுத்துடறேன்."

இதற்கிடையில் நிக்கோலஸ் மாட்டிடம் பேசிக்கொண்டிருந்தான். ஜெசிந்தா கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்தாள். நூர்ஜஹான் பெஞ்சில் வைத்திருந்த பச்சைக் குடுவையைக் கையோடு எடுத்து வந்து, அவன் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"போடா ராசா," என்றான் நிக்கோலஸ் மாட்டிடம், ஒரு கையில் குடுவையும் மறு கையில் குச்சியுமாக. "காரட்டெல்லாம் சாமியாருது. வீட்டுக்குப் போ."

மாடு மூச்சு விட்டது. அந்தக் காற்றில் அவன் தலைமுடி பறந்தது. குடுவை பச்சை. மாடு ஒரு அடி முன்னால் வைத்தது. குடுவை அப்போதும் பச்சை. கடைசியில் மாடு சலித்துக்கொண்டு, திரும்பிப் போய்விட்டது.

ஹால் மொத்தமும் மூச்சு விட்டது.

"நிக்கோலஸ்," என்று கூப்பிட்டாள் ஜெசிந்தா.

அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான். கையிலிருந்த குடுவை உதட்டிலிருந்து அடிவரை கருத்துக் கரியானது.

யாரோ ஒருவர் சிரிக்க, ஹால் முழுக்கச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஜெசிந்தாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காட்டுமாட்டுக்குப் பயமில்ல. என்னைப் பார்த்தா பயமா?"

"மாடு வேண்டாம்னு சொன்னா திரும்பிப் போயிடும்," என்றான் அவன், பாவம், குடுவையை எங்கே வைப்பது என்று தெரியாமல். "நீ வேண்டாம்னு சொல்லிட்டா நான் எங்க போறது?"

எமரன்சி அத்தை தொட்டியைக் கீழே வைத்தாள். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். இந்தமுறை அதைச் செடியின் மேல் போடவில்லை. போன மனிதரைப் பற்றித்தான் நினைத்தாளோ என்னவோ, அந்தக் கருப்புக் குடுவைகளையே பார்த்தாள்.

"அந்த மனுசன் அன்னைக்கு வேர்க்கவே இல்லீங்," என்றாள் என்னிடம் மெதுவாக. "கல்லாட்டம் நின்னாரு. செடி இருந்திருந்தாலும் பச்சையாத்தான் இருந்திருக்கும், இல்லீங்களா?" பிறகு அண்ணன் மகனின் பக்கம் திரும்பினாள். "டேய், கருமத்தம்பட்டிக்காரங்களுக்குப் போனப் போடு. லாரி நகர்ந்தாலும் வர வேண்டாம்னு சொல்லு."

அடுத்த மாதம் கல்யாணம். வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வெறும் பூந்தொட்டி. நிக்கோலஸ் பீடத்தின் முன் சம்மதம் சொன்னபோது வேர்த்த வேர்வையில் அவன் சட்டையைப் பிழிந்து தேயிலைத் தோட்டத்துக்கே தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம். எமரன்சி அத்தை அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

நூர்ஜஹான் எழுதிக் கொடுத்தாள். வேலை போயிற்று. ஆனால் தோட்டக்காரர்கள் சேர்ந்து அவளைத் தேயிலைக் கொசு ஆராய்ச்சிக்கே வைத்துக்கொண்டார்கள். இப்போது கொழுந்து வரிசைக்கு வரிசை அவளுடைய காவல்காரர்கள் நிற்கிறார்கள், எதற்கு வளர்த்தாளோ அந்த வேலையைப் பார்த்துக்கொண்டு. வர்க்கிக் கடை மோதிரம் மைதா டப்பாவுக்குள் கிடைத்தது. முதலாளியம்மா மேட்டுப்பாளையம் வரை போய் மரகதத்தைக் கூப்பிட்டாள். மரகதம் வந்தாள். ஆனால் அந்தக் கடைக்கு இல்லை, எதிர்க் கடைக்கு. அந்தக் கடை வர்க்கிதான் இப்போது ஊரில் ருசி.

மெய்க்கொடி கம்பெனி படுத்துவிட்டது. ஊரே சத்தியக் குடுவைகளைத் தூக்கி வேலியோரம் போட்டது. எங்கள் மலைவெயிலும் குளிரும் பட்டு அத்தனையும் கருஞ்சிவப்பாகச் செழித்துக் கிடக்கின்றன, மேகாலயாக் காட்டில் கிடப்பதைப் போல. அந்தக் கருப்புக்கு இப்போது ஒரு அர்த்தமும் இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். சாவு வீடுகளில் மறுபடி நல்ல வார்த்தை பேசுகிறார்கள். மீன்காரம்மா தைரியமாக "இன்னிக்கு வந்த மீனு" என்கிறாள்.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு செடி உள்ளேயே நிற்கிறது, சமையலறை ஜன்னலில். பெருச்சாளியை விழுங்கியது இதுதான். என்னைப் பொறுத்தவரை அது கருத்ததே இல்லை. எவ்வளவு ஏற்றினாலும் பச்சைதான்.

போன வாரம் ஒருநாள் காலையில் பிலோமினா டம்ளரை மேஜையில் வைத்தாள். ஜன்னலிலிருந்து செடியை எடுத்து வந்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க. ஊருக்கே பயமில்லாத ஆளு நீங்க. கல்கத்தாக்காரன் கதை போதும். இன்னைக்கு ஒரே ஒரு நிஜம் சொல்லுங்க. என் டீ எப்படி இருக்கு?"

எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. ஹாலில் அத்தனை பேர் கைதட்டியதன் மிதப்பாக இருக்கும். "பிலோ," என்றேன். "கொஞ்சம்... கொதி ஜாஸ்தி. தூள் கசந்துபோற அளவுக்குக் கொதிக்க விடறே. அதாவது, கல்யாணமான மறுநாள்லேர்ந்தே..."

வாக்கியம் முடியவில்லை. குடுவையின் உதடு கருத்தது, கழுத்து கருத்தது, வயிறு கருத்தது.

பிலோமினா அதை உற்றுப் பார்த்தாள். "கருத்துப்போச்சே."

"அது வந்து..."

"பொய்யிக்குத்தானே கருக்கும்?"

"பொய்யிக்கு இல்லடி! அதைத்தானே அன்னைக்கு ஹால்ல அத்தனை பேருக்கு முன்னாடி..."

"ஓ. அப்ப பயமா? எனக்கா பயப்படறீங்க?"

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் வேலி.

"சேச்சே. உனக்கு நான் ஏன் பயப்படணும்?"

"அப்ப பொய்தான்," என்றாள் பிலோமினா திருப்தியோடு. "என் டீ நல்லாத்தான் இருக்கு." எழுந்து போய்ப் பாத்திரத்திலிருந்து இன்னொரு டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். அவள் உதட்டோரத்தில் என்ன இருந்தது என்று சரியாகத் தெரியவில்லை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சொல்லுங்க, ஏலத்துல வெச்சா?"

"கல்கத்தாக்காரன் வேட்டிய வித்தாவது வாங்குவான்," என்றேன்.

இரண்டாவது டம்ளரை நான் குடித்து முடிப்பதற்குள் குடுவை மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பிவிட்டது.